டாக்டரைக் கேளுங்கள்: நோட்டில் ஏறும் காய்ச்சல்

கேள்வி: 'இந்த மாதம் காய்ச்சல் ஜாஸ்தி' என்று டாக்டர்கள் சொல்கிறீர்களே, எதை வைத்து? வெறும் ஊகம்தானே?
– வாசகி ஒருவர், திருமங்கலம்

பதில்: ஊகம் பாதி, நோட்டு பாதி அம்மா. செல்லூரில் என் கிளினிக் ராத்திரி 10 மணி வரை திறந்திருக்கும். அவசரமாக வருகிறவர்களை நர்ஸ் ஒரு நீள நோட்டில் குறித்து வைப்பார். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இளைப்பு, அவ்வளவுதான். பெயர் தேவையில்லை, வயதும் தெருவும் போதும். ஒரே தெருவிலிருந்து நாலு பிள்ளைகள் ஒரே வாரத்தில் வந்துவிட்டால், "சார், இதைப் பாருங்க" என்று நோட்டைத் திருப்பி என் முன்னால் வைப்பார்.

ரத்தப் பரிசோதனை முடிவு வரத் தாமதமாகும். நோயாளி முதலில் வந்துவிடுவார். அதனால்தான் இந்த எண்ணிக்கைக்கு மதிப்பு. 2004-ல் மத்திய அரசு தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டமும் பல ஆண்டுகள் வாரக் கணக்கில்தான் ஓடியது.

ஆனால் எண்ணிக்கை ஏறினாலே நோய் பரவுகிறது என்று நினைத்துவிடக் கூடாது. திங்கட்கிழமை எப்போதும் கூட்டம்தான். ஞாயிறு பூட்டியிருந்ததன் பலன். அழகர் ஆற்றில் இறங்கும் நாளில் மயங்கி வருகிறவர்களுக்குக் காரணம் பெரும்பாலும் வெயிலும் நெரிசலும்.

ஐப்பசி மழை வேறு. பெய்த மறுநாளே டெங்கு வராது. மொட்டைமாடி டிரம்மில், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை வளர்ந்து கொசுவாகவே ஒரு வாரம், பத்து நாள் ஆகும். அது கடித்த பிறகும் காய்ச்சல் வர 4 முதல் 10 நாள். ஆகவே மழை விட்டு சில வாரம் கழித்துத்தான் என் நோட்டு நிறையும்.

நீங்கள் வரும்போது காய்ச்சல் தொடங்கிய தேதியைச் சரியாகச் சொல்லுங்கள். டெங்குவைக் கண்டறியும் என்.எஸ்.1 ரத்தப் பரிசோதனை முதல் 5 நாளில்தான் நன்றாகப் பிடிக்கும்.