முன்சக்கரம் தூக்குகிறதா? கல்மூட்டை கட்டாதீர்கள்

கேள்வி: என்னிடம் 18 குதிரைத்திறன் மினி டிராக்டர் இருக்கிறது. தோட்டத்துக்காக ஐந்து அடி ரோட்டவேட்டர் (சுழல் கலப்பை) ஒன்றைப் பழையதாக விலை பேசி, ஒரு நாள் மாட்டிப் பார்த்தேன். ஓட்டும்போது எப்படியோ சமாளித்தது. ஆனால் கருவியைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஏறினால் முன்சக்கரம் தரையை விடுகிறது. முன்னால் கல்மூட்டை கட்டினால் சரியாகிவிடும், கருவியை மாட்டும் கீழ்க்கை பின் (இரும்பு முளை) 22 மில்லிமீட்டர் பொருந்துகிறது, அப்புறம் என்ன தயக்கம் என்கிறார் தரகர். வாங்கலாமா? மண் சமன் செய்யும் பலகையும் சாமான் ஏற்றும் பின்தட்டும் பட்டறையில் நானே செய்துகொள்ளலாமா?

பதில்: ரோட்டவேட்டரை வாங்காதீர்கள். பலகையையும் பின்தட்டையும் தாராளமாகச் செய்யுங்கள். காரணம் தெரியாமல் விட்டால் அடுத்த தரகர் வேறொரு கருவியோடு வருவார் என்பதால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

டிராக்டர் பின்னால் தொங்கும் எடை, சிறுவர்கள் ஏறி ஆடும் ஏற்றப்பலகை (சீசா) மாதிரி வேலை செய்கிறது. பின் அச்சுதான் நடுக்கட்டை. பின்னால் அமுக்கினால் முன்னால் எழும்பும். உங்கள் வண்டியின் எடையை நீங்கள் எழுதவில்லை, அதனால் கணக்குக்காக 800 கிலோ என்றும், அதில் 320 கிலோ முன்சக்கரத்தில் இருக்கிறது என்றும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 1.4 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். ஐந்து அடி ரோட்டவேட்டர் 280 கிலோ, அதன் எடை மையம் பின் அச்சிலிருந்து 0.9 மீட்டர் தள்ளி இருக்கிறது என்றால், தூக்கியவுடன் முன்சக்கரத்திலிருந்து 180 கிலோ (280 × 0.9 ÷ 1.4) போய்விடும். மிச்சம் 140 கிலோ. வண்டியும் கருவியும் சேர்ந்து 1080 கிலோ, அதில் 140 என்பது நூற்றுக்கு 13தான். ஸ்டீயரிங் பிடிக்க வேண்டுமானால் மொத்த எடையில் ஐந்தில் ஒரு பங்காவது முன்சக்கரத்தில் இருக்க வேண்டும் என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. சமதளத்திலேயே இந்த நிலை என்றால் வரப்பில் ஏறும்போது தூக்காமல் என்ன செய்யும்? இதே வண்டியில் 180 கிலோ எடையுள்ள மூன்றடிக் கருவி மாட்டினால் முன்னால் 204 கிலோ மிஞ்சும், ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேலே. அவ்வளவு வித்தியாசம்.

உங்கள் வண்டிக்குச் சரியான கணக்கு வேண்டுமானால் எடைமேடைக்குக் கொண்டுபோய், கருவியைத் தூக்கி நிறுத்தி, முன்சக்கரம் இரண்டை மட்டும் மேடையில் ஏற்றி எடை பாருங்கள். பிறகு முழு வண்டியையும் ஏற்றிப் பாருங்கள். கால் மணி நேர வேலை. எந்த விற்பனையாளரும் இதைச் செய்யச் சொல்லி நான் கேட்டதில்லை.

கருவி மண்ணுக்குள் இருக்கும்போது முன்சக்கரம் தூக்கவில்லை என்பதை வைத்து ஏமாந்துவிடாதீர்கள். பின்னால் மூன்று கைகளால் பிடிக்கும் இந்த அமைப்பை அயர்லாந்துக்காரர் ஹாரி பெர்குசன் உருவாக்கியதன் நோக்கமே அதுதான். கலப்பை மண்ணில் இழுபடும்போது மேலே உள்ள டாப் லிங்க் வண்டியை முன்னோக்கித் தள்ளும், வண்டி பின்பக்கமாகக் கவிழாது. 1939-ல் போர்டு டிராக்டரில் அது வந்த பிறகு சின்ன வண்டி பெரிய வேலை செய்வது பரவலானது. ஆனால் அந்த உதவி கருவி மண்ணில் இருக்கும் வரைதான். தூக்கிவிட்டால் அது வெறும் தொங்கும் சுமை.

இப்போது கல்மூட்டை. முன்னால் எடை போடுவது தப்பில்லை, தயாரிப்பாளரே அதற்கென்று இரும்புக் கட்டைகளும் அவற்றை மாட்டத் தாங்கியும் தருகிறார், எவ்வளவு வரை போடலாம் என்று கையேட்டிலும் இருக்கும். கயிற்றில் கட்டிய மூட்டை அப்படியல்ல. குலுங்கிக் குலுங்கி அவிழ்ந்து சக்கரத்தின் முன்னால் விழும். அதைவிட முக்கியம், மூட்டை முன்சக்கரத்தை மட்டும்தான் அமுக்கும். பின் அச்சு, ஹைட்ராலிக், கிளட்ச், எஞ்சின் எல்லாம் அளவுக்கு மீறிய கருவியைத்தான் இன்னும் சுமக்கின்றன. ரோட்டவேட்டருக்கு ஓர் அடி அகலத்துக்கு ஏறக்குறைய 5 குதிரைத்திறன் வேண்டும் என்று ஒரு தோராயக் கணக்கு உண்டு. அதுவும் பிடிஓ தண்டில் (எஞ்சினின் சுழற்சியைக் கருவிக்குக் கொடுக்கும், வண்டியின் பின்னால் உள்ள தண்டு) கிடைக்கும் திறன், எஞ்சின் மேல் எழுதியிருக்கும் திறன் இல்லை. 18 என்று எழுதியிருந்தால் பின்னால் 15 வந்தாலே பெரிது. ஆக உங்களுக்கு மூன்றடி. ஐந்தடிக் கருவியை நீங்கள் ஒரு நாள் ஓட்டியது ஏற்கெனவே பொலபொலப்பான மண்ணாக இருந்திருக்கும், அல்லது மேலோட்டமாகச் சுரண்டியிருக்கும்.

இங்கே இன்னொரு ஏமாற்று. தூக்கும் திறன் இத்தனை கிலோ என்று விளம்பரத்தாளில் பெரிய எழுத்தில் போடுவார்கள். எந்த இடத்தில் அளந்தது? கீழ்க்கை நுனியில் அளந்தால் எண் பெரிதாக வரும். நுனியிலிருந்து 610 மில்லிமீட்டர் பின்னால் அளந்தால் அதே வண்டிக்கு எண் சுருங்கிவிடும். கருவியின் எடை மையம் நுனியில் இருப்பதே இல்லை, பின்னால்தான் இருக்கிறது, ஆகவே உங்களுக்கு வேண்டியது இரண்டாவது எண். அதைக் கேட்டு வாங்குங்கள். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலம் 1919-லேயே, சோதித்துப் பார்க்காத டிராக்டரை விற்கக் கூடாது என்று சட்டம் போட்டது. நூறு வருடம் தாண்டியும் சின்ன வண்டி வாங்குகிறவர், எந்த இடத்தில் அளந்த எண் இது என்று கடைக்காரரிடம் கெஞ்ச வேண்டியிருப்பது எனக்கு ஆத்திரமாகத்தான் வருகிறது. கருவியின் மேலாவது எடையையும் எந்த வகை இணைப்பு என்பதையும் ஒரு தகட்டில் பொறித்து ஒட்டலாம். பல கருவிகளில் அதுவும் கிடையாது, பெயிண்ட் மட்டும் பளபளவென்று இருக்கும்.

பின் பொருந்துகிறது என்று தரகர் சொன்னாரே, அதைப் பற்றி. பின் தடிமன் பாதி விஷயம்தான். கீழ்க்கைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள அகலம் மீதிப் பாதி. ஒன்றாம் வகை (கேட்டகரி 1) இணைப்பில் கீழ்ப் பின் 22 மில்லிமீட்டர், நடு அகலம் சுமார் 27 அங்குலம். ஆனால் சிறிய டிராக்டர்கள் பலவற்றில் ஒன்றாம் வகையிலேயே குறுகலானது ஒன்று வரும், பின் அதே 22, அகலம் மட்டும் குறைவு. பெரிய டிராக்டரின் கருவியை அதில் மாட்டினால் பின் நுழையும், கைகள் இரண்டும் கால் அகட்டியது போல விரிந்து நிற்கும். பக்கவாட்டுச் சங்கிலி இறுகிக்கொள்ளும், தூக்கும்போது கை டயரில் உரசும், கொஞ்ச நாளில் கையே வளையும். டேப் எடுத்து உங்கள் கீழ்க்கைகளின் நடு அகலத்தை இன்றே அளந்து எழுதி வையுங்கள்.

அகலம் சரியில்லாத கருவியை வாங்கவே கூடாதா என்றால், ஒரே ஒரு விலக்கு உண்டு, இதை மட்டும் நன்றாகக் கவனியுங்கள். சில கொத்துக் கலப்பைகளில் பின் மாட்டும் தகடுகள் சட்டத்தோடு வெல்டிங் செய்யப்பட்டிருக்காது, சதுரக் குழாய் மேல் கிளாம்ப் போட்டு போல்ட்டால் இறுக்கியிருப்பார்கள். அந்தக் கிளாம்பைத் தளர்த்தி உள்ளே நகர்த்தலாம். ஆனால் இரண்டு பக்கமும் ஒரே அளவு நகர்த்த வேண்டும், ஒரு பக்கம் மட்டும் நகர்த்தினால் கலப்பை கோணிக்கொண்டு ஓடும், வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். டாப் லிங்க் மாட்டும் கம்பத்தின் நடுவிலிருந்து இடமும் வலமும் அளந்து பார்த்து இறுக்குங்கள். நகர்த்திய இடத்தில் கொத்து எதுவும் கிளாம்பில் இடிக்கக் கூடாது, இடித்தால் கொத்தையும் நகர்த்த வேண்டும், அதையும் இரு பக்கமும் ஒன்றுபோல. முழுக்கத் தூக்கியும் முழுக்க இறக்கியும், கை டயரைத் தொடுகிறதா என்று பாருங்கள். இவ்வளவும் பிடிஓ இல்லாத கருவிக்கு மட்டும். ரோட்டவேட்டரில் இதைச் செய்யலாமே என்று பட்டறைக்காரர் ஆசை காட்டுவார், கேட்காதீர்கள். அங்கே சுற்றுகிற தண்டு பிடிஓவுக்கு நேராக நிற்க வேண்டும், சட்டத்தை வெட்டி ஒட்டினால் அந்த நேர் போய்விடும்.

ரோட்டவேட்டர் வேண்டும் என்றால் மூன்றடியில் பாருங்கள். உங்கள் பின் டயர்களின் வெளி அகலத்தைவிட அது கொஞ்சம் குறைந்தால், ஒரு பக்க டயர் தடத்தையாவது மூடும்படி ஓரமாகத் தள்ளி மாட்டும் வசதி உள்ளதாக எடுங்கள். பழையது என்றால் கியர்பாக்ஸ் எண்ணெயைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள், பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் போயிருக்கிறது. ரோட்டரை இரு கையாலும் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள், ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. புதிதாக அடித்த பெயிண்டைக் கண்டால் சந்தோஷப்படாதீர்கள், கத்தி மாட்டும் தகடுகளின் அடியில் ஆணியால் சுரண்டி விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். சுரண்டக் கூடாது என்று விற்பவர் சொன்னால் அங்கேயே திரும்பிவிடுங்கள்.

பிடிஓ ஷாப்ட் நீளத்தையும் அப்படியே நம்பாதீர்கள். கருவியைத் தூக்கி இறக்கும்போது ஷாப்ட் மிகக் குறுகுகிற இடத்தில் குழாய்கள் முட்டக் கூடாது, முட்டினால் அந்த அடி நேராக டிராக்டரின் பேரிங்குக்குப் போகும். மிக நீளுகிற இடத்தில் ஒரு குழாய்க்குள் இன்னொன்று மூன்றில் ஒரு பங்காவது நுழைந்திருக்க வேண்டும். ஷாப்ட் மேல் உள்ள பிளாஸ்டிக் உறையைக் கழற்றி எறியாதீர்கள். பிடிஓவின் வேகமான நிமிடத்துக்கு 540 சுற்று என்பது வினாடிக்கு ஒன்பது சுற்று, துணி நுனி மாட்டினால் கையை இழுத்துக்கொள்ள நேரமே கிடையாது. ஷியர் போல்ட் (சுமை மீறினால் தான் உடைந்து கியரைக் காப்பாற்றும் போல்ட்) உடைந்தால் அதே தரத்தில் இன்னொன்று போடுங்கள். உடையவே உடையாத போல்ட் தருகிறேன் என்று ஒருவர் எனக்குத் தெரிந்தவரின் கருவியில் கடினமான போல்ட்டைப் போட்டுக்கொடுத்தார். அடுத்த கல்லில் போல்ட் தப்பித்தது, கியர் பல் உடைந்தது.

சரி, நீங்கள் செய்ய விரும்புவதற்கு வருவோம். நான் சொல்வது, சுற்றுவதை வாங்குங்கள், சுற்றாததைச் செய்யுங்கள். சமன் பலகையில் சுற்றுவது எதுவும் இல்லை. நான்கடி நீளத்தில் கனமான சேனல் ஒன்று, அதன் மேல் இணைப்புச் சட்டம், அவ்வளவுதான். கவனம் முழுக்க இணைப்பில் இருக்கட்டும். கீழ்ப் பின் மாட்டும் தகடு 12 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் பிடிக்கும்படி விடாமல் இரண்டு தகடு வைத்து, பின் இரு பக்கமும் தாங்கி நிற்கும்படி செய்யச் சொல்லுங்கள். டாப் லிங்க் ஓட்டை கீழ்ப் பின்னிலிருந்து 18 அங்குல உயரத்தில் வரட்டும், அதிலிருந்து சாய்வாக ஒரு பட்டை பின்பக்கம் இறங்கி சேனலோடு சேர வேண்டும். ஓட்டைகளை டிரில்லில் போடச் சொல்லுங்கள், கேஸ் கட்டிங்கில் ஊதிய ஓட்டை வட்டமாக இருக்காது, பின் ஆடி ஆடி இன்னும் பெரிதாக்கும். பின்னுக்குக் கட்டடக் கம்பி, தண்ணீர்க் குழாய் எதையும் ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

அடி விளிம்புக்குப் பழைய லாரிப் பட்டா (ஸ்பிரிங் தகடு) நல்ல பொருள், எளிதில் தேயாது. ஆனால் அதை வெல்டிங் செய்யக் கூடாது. ஸ்பிரிங் இரும்பு வெல்டிங் சூட்டில் ஓரம் மொறுமொறுப்பாகி, இழுக்கிற முதல் நாளிலேயே வெடிக்கலாம். ஓட்டை போட்டு போல்ட்டில் மாட்டுங்கள், தேய்ந்தால் கழற்றித் திருப்பிப் போடலாம். வெல்டிங் நடக்கும்போது கருவி டிராக்டரில் மாட்டியிருக்கவே கூடாது. கழற்றிச் செய்ய நேரமில்லை என்று பட்டறையில் அவசரப்படுத்துவார்கள், கரண்ட் உங்கள் பேரிங் வழியாகவும் மின் சாமான்கள் வழியாகவும் போனால் அந்தச் செலவு அவருடையதல்ல.

பின்தட்டைக் குட்டையாகச் செய்யுங்கள். நீளம் கூடக் கூட, மேலே போட்ட அதே ஏற்றப்பலகைக் கணக்கு உங்களுக்கு எதிராக வேலை செய்யும். சுமையை டிராக்டர் பக்கம் ஒட்டி அடுக்கும்படி முன்னால் ஒரு தடுப்பு வையுங்கள், பின்னால் தடுப்பு வேண்டாம், இருந்தால் அதுவரை அடுக்கத் தோன்றும். அதில் ஆள் ஏற்றாதீர்கள். கட்டை எதையாவது இழுக்க வேண்டுமென்றால் சங்கிலியைக் கீழே உள்ள டிராபாரில் (இழுவைக் கம்பியில்) மட்டும் மாட்டுங்கள். டாப் லிங்க் இடத்திலோ அச்சுக்கு மேலேயோ மாட்டி இழுத்தால் வண்டி அப்படியே பின்பக்கம் கவிழும், கிளட்சை மிதிக்க நினைக்கும் முன்பே கவிழ்ந்திருக்கும்.

தரகருக்கு முன்பணம் கொடுத்திருந்தால், கைகளின் நடு அகலம் பொருந்தவில்லை என்று அளந்து காட்டித் திருப்பிக் கேளுங்கள். அகலம் பொருந்தினாலும் எடைமேடைச் சீட்டைக் காட்டிக் கேளுங்கள்.