வாங்க முன் கேளுங்கள்: ட்ரையல்ஸ் சைக்கிளும் அதன் பிறேக்கும்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ட்ரையல்ஸ் சைக்கிள் பற்றியவை. வெளிநாட்டு உறவினர் கொண்டுவந்து கொடுத்ததோ, கொழும்பில் பாவித்ததாக எடுத்ததோ, நம் பக்கத்துப் பிள்ளைகள் கையில் சில வந்து சேர்ந்துவிட்டன. இருக்கையில் இருக்காமல், கால் நிலத்தில் படாமல், கல்லுக்குக் கல் தாவுகிற விளையாட்டு இது. உலகச் சம்பியன் போட்டி 1986 முதல் நடக்கிறது. பின்சில்லு ஒரு நொடி நழுவினால் முழங்கால் கல்லில் அடிபடும். அதனால் பிறேக் கேள்விகளை முன்னுக்கு எடுத்தேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

26 அங்குலச் சைக்கிளில ட்ரையல்ஸ் பழகத் தொடங்கிறன். வீ-பிறேக், மகூரா, டிஸ்க், எதை எடுக்க? எல்லாரும் இப்ப டிஸ்க்தான் போடுறாங்க.
– வாசகர், கல்லடி

எல்லாரும் போடுவது பெரும்பாலும் றோட்டில் ஓடுகிற சைக்கிளுக்கு. ட்ரையல்ஸில் பிறேக்கின் முதல் வேலை வேகத்தைக் குறைப்பதல்ல, சில்லைப் பூட்டிப் பிடிப்பது. கேபிளால் இழுக்கிற வீ-பிறேக்கும், எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்கிற மகூரா எச்எஸ்33உம் ரிம் பிறேக். ரிம் பிறேக் சில்லின் விளிம்பிலேயே பிடிக்கிறது. குறைந்த விசை போதும். டிஸ்க் தட்டு சிறியது, நடுவில் இருக்கிறது. அது பிடிக்கிற விசை சில்லின் நடுவிலுள்ள ஹப்புக்கும் கம்பிகளுக்கும் போய்த்தான் ரயரைச் சேரும். கம்பி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும் பின்சில்லில் நிற்கும்போது அந்த ஆட்டம் காலுக்குத் தெரியும்.

பணம் இருந்தால் பின்னுக்கு மகூரா எச்எஸ்33, முன்னுக்கு நல்ல வீ-பிறேக். இல்லையென்றால் இரண்டுக்கும் வீ-பிறேக் போடுங்கள், வெட்கமில்லை. கேபிள் அறுந்தால் மட்டக்களப்பில் எந்தச் சைக்கிள் கடையிலும் கிடைக்கும். மிஞ்சும் காசை நல்ல பிறேக் கட்டைக்கும் பூஸ்டருக்கும் போடுங்கள். பூஸ்டர் என்பது லாட வடிவத் தகடு. பிறேக் அழுத்தும்போது பிறேம் வெளிப்பக்கம் விரியாமல் பிடிக்கும். பல பிறேம்களில் அது இல்லாவிட்டால் நீங்கள் அழுத்துகிற விசையில் ஒரு பங்கு பிறேமை வளைப்பதிலேயே போய்விடும்.

டிஸ்க் கத்துது எண்டு டபிள்யூடி-40 அடிச்சன். இப்ப கத்தலும் இல்லை, பிடியும் இல்லை.
– வாசகர், சாய்ந்தமருது

ஸ்பிறேயின் எண்ணெயை உறிஞ்சிய கட்டையை எறிந்துவிட்டுப் புதிது போடுங்கள். தட்டை ஐசோபுரொப்பைல் அல்ககோலால் துடையுங்கள். அந்த ஸ்பிறேயை இனி பிறேக் பக்கம் கொண்டுபோக வேண்டாம்.

சுவிஸில இருந்து மாமா கொண்டுவந்த சைக்கிள், மகூரா பிறேக். லீவர் மெதுவாகிட்டு எண்டு மோட்டார் சைக்கிள் கராஜில குடுத்தன். பிறேக் ஒயில் மாத்தித் தந்தாங்க. கொஞ்ச நாளையில லீவர் உள்ளுக்குப் போனா திரும்பி வருதில்ல. கேட்டா, சாமான் பழசாம்.
– வாசகர், காரைதீவு

சாமான் பழசில்லை, தம்பி. கெடுத்தது அவர் ஊற்றியது.

ஹைட்ரோலிக், அதாவது திரவ அழுத்தத்தில் வேலை செய்கிற பிறேக்குக்குள் ஊற்றுவதில் இரண்டு இனம் உண்டு. ஒன்று மினரல் ஒயில். மகூராவுக்கும் ஷிமானோவுக்கும் அதுதான். மகூராவுடையது நீல நிறம், ஷிமானோவுடையது சிவப்பு. மற்றது டொட் 3, டொட் 4, டொட் 5.1 என்று போத்தலில் அடித்திருக்கும் கிளைக்கோல் திரவம். கார், மோட்டார் சைக்கிள், ட்ரையல்ஸ் ஓடுவோர் விரும்பும் ஹோப் பிறேக் எல்லாவற்றுக்கும் அது. மினரல் ஒயிலுக்கென்று செய்த றப்பர் சீல் டொட் திரவத்தில் ஊறினால் வீங்கும். வீங்கிய சீல் பிஸ்டனை இறுக்கிக்கொள்ளும். லீவர் போனால் போனதுதான். உங்களுக்கு நடந்தது இதுவே. ஹோப் பிறேக்கில் மினரல் ஒயிலை ஊற்றினாலும் அதன் சீலுக்கு இதே கதிதான்.

இந்த விசயத்தில் எனக்கு நெடுநாள் கோபம் இருக்கிறது. டிஸ்க் பூட்டிய மோட்டார் சைக்கிளின் ஹாண்டிலில் உள்ள பிறேக் மூடியைக் கிட்டப்போய்ப் பாருங்கள். எந்தத் திரவம் ஊற்ற வேண்டும், உடைக்காத போத்தலிலிருந்து மட்டும் ஊற்ற வேண்டும் என்று மூடியிலேயே பொறித்திருக்கும். நாளெல்லாம் அந்த மூடியைக் கழற்றுகிறவர்கள் அதை வாசிப்பதில்லை. பெரிய கான் ஒன்றைத் திறந்தபடி மேசைக்கடியில் வைத்து, வருகிற வண்டிக்கெல்லாம் அதிலிருந்தே ஊற்றுகிற கராஜ்களைக் கல்முனையிலும் பார்த்தேன், ஏறாவூரிலும் பார்த்தேன். டொட் திரவம் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், கார்த்திகை மார்கழியில் விடாத மழை. இங்கே திறந்து வைத்த கானுக்குள் என்ன போகும்? புதிய டொட் 4 குறைந்தது 230 பாகை செல்சியஸ் வரை கொதிக்கக்கூடாது என்பது தரவிதி. ஈரம் ஏறிய பின் அந்த விதி கேட்பதே 155 பாகைதான். மலைப்பக்கம் நீண்ட இறக்கத்தில் பிறேக் சூடேறி அந்தத் திரவம் கொதித்தால், குமிழி வந்து லீவர் வெறுமையாக உள்ளே போகும். மனைவி பிள்ளையை ஏற்றிக்கொண்டு போகிறவர் அந்த நேரம் என்ன செய்வார்? சின்னப் போத்தலாக வாங்கி, வாடிக்கையாளர் முன்னால் மூடி உடைத்து ஊற்றினால் என்ன குறைந்துவிடும்?

இனி நீங்கள் செய்ய வேண்டியது. டொட் திரவம் பெயின்ட்டைத் தின்னும். கசிந்த இடத்தை உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். உள்ளே கழுவி மினரல் ஒயில் ஊற்றினால் சரியாகும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ஊறின சீல் பழையபடி வராது. லீவரையும் சிலிண்டர்களையும் மாற்ற வேண்டி வரலாம். அந்தச் செலவைக் கராஜ்காரரிடம் கேளுங்கள், அது உங்கள் உரிமை. பில் இருந்தால் முறைப்பாடும் செய்யலாம்; வழியைக் காத்தான்குடித் தம்பிக்கான பதிலில் சொல்கிறேன்.

எண்ணெய்க்குப் பதிலா தண்ணி விட்டா மகூரா இன்னும் விரைவா வேலை செய்யுமாம். மெய்யா?
– வாசகர், பொத்துவில்

மெய்தான், ட்ரையல்ஸ் ஓடுவோர் சிலர் செய்கிறார்கள். தண்ணீர் எண்ணெயைவிட இளக்கம், அதனால் லீவர் இலேசாகும். குளிர்நாட்டில் உறைந்துவிடும், இங்கே அந்தப் பயமில்லை. ஆனால் உள்ளே அரிப்பு வரும், கம்பனியும் பொறுப்பெடுக்காது. ஒரே ஒரு பிறேக் வைத்திருக்கிற நீங்கள் நீல எண்ணெயோடு இருங்கள்.

மலிவா வந்ததால நாலு போல்ட் கிளாம்போட எச்எஸ்33 செட் எடுத்தன். என்ட பிறேமில பூட்ட இடமில்ல. கடைக்காரர் திருப்பி எடுக்கிறாரில்ல. முறைப்பாடு செய்யலாமா?
– வாசகர், அக்கரைப்பற்று

செய்யலாம், நிற்காது. நீங்கள் கேட்ட சாமானை அவர் கேட்டபடி தந்திருக்கிறார். பிறேமில் இரண்டு பக்கமும் தனிக் குமிழ் இருந்தால் அது வீ-பிறேக் பிறேம். பக்கத்துக்கு இரண்டாக நாலு போல்ட் துளை இருந்தால் அது ட்ரையல்ஸ் பிறேம். குனிந்து பார்க்க ஒரு நிமிடம் போதும். பார்க்காமல் காசை நீட்டிவிட்டுக் கடைக்காரரைக் குற்றம் சொல்லும் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன. அவர்கள் பக்கம் என்னால் பேச முடியாது. வீ-பிறேக் குமிழில் எச்எஸ்33 பூட்ட அடப்டர் உண்டு, அதைத் தேடி எடுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது பிறேமின் படம் போனில் இருக்கட்டும்.

முகநூல் பக்கமொன்றில 'ஒரிஜினல்' பிறேக் கட்டை எண்டு போட்டிருந்தாங்க. வங்கிக்குக் காசு போட்டன். வந்தது மெழுகு மாதிரி வழுக்குது. மெசேஜ் போட்டா புளொக் பண்ணிட்டாங்க. வாப்பாட்ட சொல்லவும் ஏலாம இரிக்கு.
– வாசகர், காத்தான்குடி

வாப்பாவிடம் சொல்லுங்கள், தம்பி. ஏமாற்றியது அவர்கள், நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஒரு கடையில் என் மோட்டார் சைக்கிளுக்குப் பிறேக் கட்டை வாங்கினேன். பெட்டியும் எழுத்தும் அச்சு அசலாக இருந்தன. வீட்டில் பிரித்தால் இரும்புத் தகட்டின் பின்னால் ஒரு குறியோ இலக்கமோ இல்லை. மழைக்காலம் முடிய முதல் தேய்கட்டை தகட்டை விட்டு உரிந்து வந்தது. அந்தக் காசு இன்றுவரை திரும்பவில்லை. பெட்டியைப் பார்த்து யாரும் கண்டுபிடிக்க முடியாது. கட்டையின் பின்பக்கத்தைப் பார்க்கக் கேளுங்கள்.

இப்போது விளம்பரம், உரையாடல், வங்கிச் சீட்டு எல்லாவற்றையும் படமெடுத்து வையுங்கள். பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். அழைத்ததோடு நிற்காமல் எழுத்திலும் கொடுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி வாங்கி மூன்று மாதத்துக்குள் எழுத்து முறைப்பாடு போக வேண்டும். பலர் அந்தக் காலத்தை முகநூலில் திட்டியே கழித்துவிடுகிறார்கள். அதே சட்டம், கேட்டால் பற்றுச்சீட்டு தர வேண்டும் என்றும் வியாபாரியைக் கட்டுப்படுத்துகிறது. வங்கிக் கணக்கு இலக்கத்தோடு பொலிஸிலும் ஒரு முறைப்பாடு போடுங்கள்.

மகன் புது ரிம்மைக் கிரைண்டரால உரசப் போறானாம். காசு குடுத்து வாங்கினதைக் கெடுக்கிறானே எண்டு மறிச்சுப்போட்டன். நான் செய்தது சரியா?
– ஒரு தாய், செங்கலடி

உங்கள் மகன் சொல்வது சரி, அக்கா. பிறேக் கட்டை கடித்துப் பிடிக்கவேண்டும் என்று ரிம்மின் பக்கச்சுவரைக் கிரைண்டரால் கீறிச் சொரசொரப்பாக்குவது ட்ரையல்ஸில் வழமை. மழையிலும் அந்த ரிம் பிடிக்கும். கொஞ்சம் தார் தேய்ப்போரும் உண்டு. பிறேக் பிடிக்கும்போது தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரிக் கத்தும், பயப்பட வேண்டாம்.

ஆனால் மறித்ததற்கும் காரணமிருக்கிறது. கண்ணாடி போடாமல் கிரைண்டரைத் தொட விடாதீர்கள். அலுமினியத் துகள் கண்ணுக்குள் போனால் ஆஸ்பத்திரிதான். ரயரையும் ரியூப்பையும் கழற்றிவிட்டு, கிரைண்டர் தட்டை ரிம்மில் மெல்லத் தொட்டு எடுக்க வேண்டும். ஒரே இடத்தில் அழுத்தினால் சுவர் மெலிந்து, காற்றடித்த ரயரின் அழுத்தத்தில் ஒருநாள் பிளக்கும். கீறிய ரிம்முக்கென்றே கடினமான கட்டை விற்கிறது. சாதாரணக் கட்டை போட்டால் பொடிப்பொடியாகித் தீர்ந்துவிடும், உங்கள் காசுதான் போகும். பள்ளிக்கூடம் போகிற சைக்கிளின் ரிம்மில் மட்டும் இந்த வேலை வேண்டாம்.

கடற்கரையில ஓடுறன். பிறேக் நல்லா இரிக்கு, செயின் துருப்பிடிக்குது. எப்ப மாத்தணும்?
– வாசகர், திருக்கோவில்

கடற்கரையிலிருந்து வந்த உடனே நல்ல தண்ணீரால் கழுவி, துடைத்து, காய்ந்த பின் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். விடும்போது ரிம்மைத் துணியால் மூடுங்கள். மாற்றும் நேரத்தைத் துருவைப் பார்த்துச் சொல்ல முடியாது, அளக்க வேண்டும். புதுச் செயினில் 24 கண்ணி சரியாக 12 அங்குலம். ஸ்கேலை ஒரு முளையின் நடுவில் வைத்து இழுத்துப் பிடித்துப் பாருங்கள். 12 அங்குலத்துக்கு மேல் ஓர் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு நீண்டிருந்தால் மாற்றுங்கள். கண்ணி ஏதாவது இறுகி மடங்காமல் நின்றால் அளக்கவே வேண்டாம், அன்றைக்கே மாற்றுங்கள்.