எக்செல்லில் பக்கவாட்டில் நீளும் அட்டவணையைத் திருப்பி ஒரே தாளில் பிரிண்ட் எடுப்பது எப்படி?

ஏப்ரல் முதல் மார்ச் வரை மாதங்கள் பக்கவாட்டில் நீள்வதால், பிரிண்டில் கடைசி மாதங்கள் தனித்தாளுக்குப் போகின்றன என்கிறீர்கள். மாதங்களைக் கீழ்நோக்கி இறக்கிவிட்டால் ஏ4 தாளில் பெரும்பாலும் அடங்கிவிடும்.

அட்டவணை முழுவதையும் செலக்ட் செய்து காப்பி கொடுங்கள். கட் கொடுத்தால் இது நடக்காது. அப்புறம் புதிய ஷீட்டில் முதல் கட்டத்தில் ரைட் கிளிக் செய்து, பேஸ்ட் ஸ்பெஷலில் டிரான்ஸ்போஸை டிக் செய்யுங்கள்.

கூட்டுத்தொகைக்கு ஃபார்முலா போட்டிருந்தால், அதே பெட்டியில் ‘வேல்யூஸ் அண்ட் நம்பர் ஃபார்மேட்ஸ்’ என்பதையும் தேர்ந்தெடுங்கள். வெறும் வேல்யூஸ் கொடுத்தால் 1-4-2024 என்ற தேதி 45383 என்று வந்து நின்று பயமுறுத்தும்!

மூலத்தில் எண்களை அடிக்கடி மாற்றுவீர்கள் என்றால் இந்த வழி வேண்டாம். டிரான்ஸ்போஸ் ஃபார்முலாவே போடுங்கள், அங்கே மாற்றினால் இங்கேயும் மாறும்.