கர்ப்ப காலத்தில் அம்மாவுக்குத் தைராய்டு இருந்தால் பிறக்கும் குழந்தையைப் பாதிக்குமா?

உங்களுக்கு டிஎஸ்எச் (தைராய்டு குறைந்தால் ரத்தத்தில் கூடும் ஹார்மோன்) கூடியிருக்கிறது, மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள், வீட்டில் யாரோ பயமுறுத்தியும் இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். தைராய்டு குறைவு மட்டும்தான் என்றால் மாத்திரையை விடாமல் போடுங்கள், பெரும்பாலும் குழந்தை நன்றாகவே பிறக்கும். குழந்தையின் தைராய்டு சுரப்பி வேலை தொடங்கவே ஏறக்குறைய 12 வாரம் ஆகும். அதுவரை தைராய்டு ஹார்மோனை உங்களிடமிருந்துதான் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் மாத்திரை அளவைக் கூட்டுகிறார்கள். இரும்பு, கால்சியம் மாத்திரைகளுக்கும் இதற்கும் 4 மணி நேரமாவது இடைவெளி விடுங்கள்.

என் கதை வேறு. எனக்கு முதலில் இருந்தது தைராய்டு மிகைப்பு, உடலின் ஆன்டிபாடியே சுரப்பியைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோய். ஆபரேஷன் செய்து சுரப்பியையே எடுத்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்துக் கர்ப்பமானேன். தைராக்சின் (தைராய்டு ஹார்மோன் மாத்திரை) போடும் மற்றவர்களைப் போலத்தான் என்னையும் பார்த்தார்கள். டிஎஸ்எச் ஒவ்வொரு முறையும் சரியாகவே இருந்தது. கழுத்தில் இந்தத் தழும்பு ஏன் என்று யாரும் கேட்கவில்லை. முடிந்துபோன நோய்தானே என்று நானும் சொல்லவில்லை.

பிறந்த நான்காம் நாள் மகன் தூங்கவே இல்லை. கண்ணை அகல விழித்தபடியே கிடந்தான். பாலை ஆவேசமாகக் குடித்தான், எடையோ இறங்கிக்கொண்டே போனது. தோளில் போட்டால் அவன் நெஞ்சு படபடவென்று அடிப்பது துணியைத் தாண்டி எனக்குத் தெரிந்தது. நாடித்துடிப்பை எண்ணிய நர்ஸ் ஒன்றும் பேசாமல் மறுபடி எண்ணினார். 200க்கு மேல்.

சுரப்பியை எடுத்தாலும், அதைத் தூண்டிவிட்ட ஆன்டிபாடி ரத்தத்தில் வருடக்கணக்கில் தங்கலாமாம். அது நஞ்சுக்கொடி வழியாகப் போய்க் குழந்தையின் சுரப்பியைத் தூண்டிவிடும். டிஎஸ்எச் பார்த்தால் இது தெரியாது. அந்த ஆன்டிபாடியை அளக்க டிஆர்ஏபி என்று தனிச் சோதனை இருக்கிறது, கர்ப்பத்திலேயே செய்திருக்கலாம். மகனுக்கு மூன்று மாதம் மருந்து கொடுத்தோம். என்னிடமிருந்து போன ஆன்டிபாடி கரையக் கரைய அளவைக் குறைத்து நிறுத்தினார்கள். இப்போது நன்றாக இருக்கிறான்.

நான் மருத்துவர் இல்லை. இவ்வளவு அரிதானதைக் கர்ப்பிணியிடம் ஏன் சொல்கிறாய் என்று சிலர் வருவார்கள். கிரேவ்ஸ் இருந்தவர்களின் குழந்தைகளிலும் சிலருக்குத்தான் இது வரும், எனக்கும் தெரியும். ஆனால் முன்பே ஒருவர் சொல்லியிருந்தால், பிறந்த அன்றே அவன் ரத்தத்தைச் சோதித்திருப்பார்கள். உங்களுக்கும் கிரேவ்ஸுக்காகப் பழைய ஆபரேஷனோ கதிரியக்க அயோடின் சிகிச்சையோ நடந்திருந்தால், அந்தப் பழைய ஃபைலை எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் நான் என்ன சாப்பிட்டேன், எந்த மாத்திரையை விட்டேன் என்று என்னைத்தான் துருவினார்கள். ஒரு மாத்திரைகூட நான் விட்டதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவன் அப்பாவிடம் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை.