பதில்: 76 கிலோவுக்காகத் தண்ணீரை நிறுத்த வேண்டாம்

தம்பி, வேண்டாங்க. ஈரோட்டிலிருந்து ஆறு பேர் சீசனின் கடைசி ஜியு-ஜிட்சு (பிடித்து மடக்கும் தற்காப்புக் கலை) போட்டிக்குப் போவதாகவும், 76 கிலோ வரையான லைட் எடைப் பிரிவில் பெயர் கொடுத்த நீங்கள் கி என்ற போட்டி உடையோடு 77.8 கிலோ இருப்பதாகவும், கடைசி இரண்டு நாள் தண்ணீரை நிறுத்தினால் 76க்கு வந்துவிடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஐபிஜேஜேஎஃப் (சர்வதேச பிரேசிலிய ஜியு-ஜிட்சு கூட்டமைப்பு) விதிப்படி நடக்கும் போட்டி என்றால் முதல் ஆட்டத்துக்குச் சற்று முன்னால்தான் எடை, அதுவும் உடையோடு, கூடினால் அங்கேயே வெளியே. தேறிக்கொள்ள நேரமே கிடைக்காது. நான் ஒருமுறை அப்படித் தாகத்தோடு போய் எடையில் தப்பித்துவிட்டேன், ஆனால் இரண்டாவது நிமிடத்திலேயே எதிராளியின் காலரைப் பிடித்திருந்த விரல்கள் மரத்துத் தானாகத் திறந்துகொண்டன, அவர் என் கார்டை, அதாவது கீழிருந்து கால்களால் தடுக்கும் நிலையைத் தாண்டி மூன்று புள்ளி எடுத்துவிட்டார்.

முதலில் உடையை மட்டும் தனியாக எடை போடுங்கள். கனத்த நெசவு என்றால் இரண்டு கிலோ வரை வரும். கூட்டாளியிடம் மெல்லிய நெசவு ஒன்றைக் கடன் வாங்கினாலே அரைக் கிலோ குறையலாம், ஈரம் இல்லாமல் நன்றாகக் காய்ந்திருக்கட்டும். அப்புறம் ஊறுகாய், அப்பளம், கருவாட்டை நிறுத்துங்கள். அரிசிம்பருப்பு சாதம் சாப்பிடுங்கள், அளவை மட்டும் குறைத்தால் சரி.

பிரிவு மாற்றக் கடைசித் தேதி எது என்று இன்றே பாருங்கள். அன்றைக்கும் 76.5க்கு மேல் நின்றால் மிடிலுக்கு மாறிவிடுங்கள், அது 82.3 வரை. அணிக்குத் தங்கத்துக்கு 9, வெள்ளிக்கு 3, வெண்கலத்துக்கு 1 புள்ளி. எந்த எடையில் வாங்கினாலும் அதேதான்.