இரண்டு தோல்வி, ஒரு கோப்பை: ஓஹயோ ஸ்டேட்டின் 2024 சீசன் – கேள்வி பதில்

கேள்வி: ஐயா, அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தை இப்போதுதான் பார்க்கத் தொடங்கியிருக்கிறேன். இரண்டு ஆட்டங்களில் தோற்ற ஓஹயோ ஸ்டேட் எப்படி தேசிய சாம்பியன் ஆனது?

பதில்: சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளே ஆஃப் சுற்றில் 2014 முதல் 2023 வரை நான்கு அணிகளுக்கு மட்டுமே இடம் இருந்தது. 2024இல்தான் அது 12 ஆனது. பழைய முறை நீடித்திருந்தால் நவம்பர் 30 அன்று மிச்சிகனிடம் தோற்றதுமே இவர்களுடைய சீசன் முடிந்திருக்கும். புதிய முறையில் எட்டாம் தரநிலையோடு உள்ளே வந்தார்கள். டென்னசியை 42-17, ஓரிகனை 41-21, டெக்சஸை 28-14 என்று வரிசையாக வீழ்த்தி, 2025 ஜனவரி 20 அன்று அட்லாண்டாவில் நோட்ர டாமை 34-23 என வென்றார்கள்.

கேள்வி: டச் டவுனுக்கு எத்தனை புள்ளி?

பதில்: பந்தை எதிரணியின் எல்லைக்கோட்டுக்குள் கொண்டுபோவதுதான் டச் டவுன். அதற்கு ஆறு. அதன்பின் உதைத்தால் ஒன்று, மறுபடி ஓடியோ எறிந்தோ எல்லைக்குள் கொண்டுபோனால் இரண்டு. களக்கோல், அதாவது களத்திலிருந்து கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைப்பது, மூன்று.

கேள்வி: மிச்சிகனுக்கு முன்பு ஓரிகனிடமும் தோற்றார்களே, அது எப்படி?

பதில்: அக்டோபர் 12, யூஜீன் நகரம், 32-31. கடைசி 10 நொடிகளில் ஓரிகன் 11 பேருக்குப் பதில் 12 பேரைக் களத்தில் நிறுத்தியது. ஓஹயோ ஸ்டேட் எறிந்த பந்து வீணானது. தண்டனையாக ஐந்து கஜம் கிடைத்தது, ஆனால் கரைந்த நான்கு நொடிகள் திரும்பக் கிடைக்கவில்லை. மீதி ஆறு நொடியில் குவார்ட்டர்பேக் (பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர்) வில் ஹவர்ட் பந்தோடு ஓடிச் சறுக்கி விழுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. விதியின் ஓட்டையை இவ்வளவு நுணுக்கமாகப் பயன்படுத்தியதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. சில நாள்களிலேயே கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. விளக்கம் வெளியிட்டு அந்த ஓட்டையை அடைத்தது.

கேள்வி: அடுத்த சீசனில் எந்த அணிமேல் பணம் கட்டலாம்?

பதில்: எந்த அணிமேலும் கட்டாதீர்கள். மிச்சிகன் ஆட்டத்தில் ஓஹயோ ஸ்டேட் ஏறக்குறைய 20 புள்ளி வித்தியாசத்தில் வெல்லும் என்றே பந்தயச் சந்தை கணித்தது. 13-10 என்று தோற்றார்கள், அதுவும் சொந்த மைதானத்தில்.

கேள்வி: மறக்க முடியாத தருணம் எது?

பதில்: டெக்சஸ் ஆட்டத்தின் கடைசி நிமிடங்கள். ஓஹயோ ஸ்டேட் 21-14 என முன்னிலை. பந்து டெக்சஸ் கையில், எல்லைக்கோட்டுக்கு ஒரே ஒரு கஜம். முதல் முயற்சியில் நேராக முட்டியும் நகரவில்லை. இரண்டாம் முயற்சியில் பக்கவாட்டில் வீசி ஓடப் பார்த்தார்கள். ஏழு கஜம் பின்னுக்குப் போனது. மூன்றாம் முயற்சியில் எறிந்த பந்து யாரிடமும் சேரவில்லை. நான்காவது, கடைசி முயற்சி, எட்டு கஜம் வேண்டும். ஓஹயோ ஸ்டேட்டின் தடுப்பு வீரர் ஜாக் சாயர் வெளிப்பக்கத்திலிருந்து வளைந்து வந்து, டெக்சஸ் குவார்ட்டர்பேக் குவின் யூவர்ஸ் எறியக் கையை ஓங்கும்போதே பந்தைத் தட்டிப் பறித்தார். துள்ளிய பந்தை அள்ளிக்கொண்டு 83 கஜம் ஓடினார். கனத்த உடல், கடைசி 20 கஜத்தில் கால்கள் தள்ளாடின, ஆனாலும் ஒருவராலும் எட்டிப் பிடிக்க முடியவில்லை. 2021இல் யூவர்ஸ் ஓஹயோ ஸ்டேட்டில் இருந்தபோது இருவரும் ஒரே அறையில் தங்கியவர்கள். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு நெஞ்சு அடைக்கும் காட்சி அது.

கேள்வி: நான் மிச்சிகன் ரசிகன். உங்கள் ஓஹயோ ஸ்டேட்டுக்கு எங்களிடம் தொடர்ந்து நான்காவது ஆண்டாகத் தோல்வி. பரம எதிரியிடம் மண்ணைக் கவ்விய அணிக்கு எதற்குக் கோப்பை?

பதில்: வலி உண்மைதான். 45 நொடி இருக்கையில் 21 கஜத்திலிருந்து உதைத்து வென்றீர்கள். அதை ஒரு கோப்பையும் அழிக்காது. ஆனால் அன்று 12 ஆட்டங்களில் ஐந்தைத் தோற்றிருந்த அணி உங்களுடையது. ஒருநாள் வெற்றியையும் ஒரு சீசனையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.

கேள்வி: அப்படியானால் வழக்கமான சீசனுக்கு மதிப்பே இல்லையா? தோற்றவர்களும் உள்ளே வரலாம் என்றால் நவம்பர் ஆட்டம் எதற்கு?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். 1897இல் தொடங்கிய ஓஹயோ ஸ்டேட்-மிச்சிகன் மோதலின் தனி மதிப்பு குறையவில்லை. குறைந்தது, ஒரே தோல்வி ஓர் ஆண்டு உழைப்பையே முடித்துவைக்கும் கொடுமை. நோட்ர டாமைப் பாருங்கள். செப்டம்பர் 7 அன்று நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 எனத் தோற்றது. அதன்பின் 13 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று இறுதிக்கு வந்தது. அந்தப் பையன்கள் திருத்திக்கொள்ள வாய்ப்புக் கிடைத்தது நியாயம் என்றே நினைக்கிறேன். முறையில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். பிளே ஆஃப் முதல் சுற்றில் ஆடாமலே ஓய்வு கிடைத்த ஓரிகன், ஜார்ஜியா, பாய்ஸி ஸ்டேட், அரிசோனா ஸ்டேட் நான்குமே அடுத்த சுற்றில் தோற்றன. தரவரிசையில் பின்தங்கியிருந்தாலும் தன் கூட்டமைப்பின் (ஒன்றோடொன்று ஆடும் கல்லூரிகளின் குழு) சாம்பியன் என்பதால் நேரடி ஓய்வு தந்த விதியை 2025இல் மாற்றினார்கள். அது சரியான முடிவு.

கேள்வி: ஓஹயோ ஸ்டேட்டை வென்றதும் மிச்சிகன் வீரர்கள் மைதானத்தில் கொடி நட்டதற்கு ஏன் அவ்வளவு ஆத்திரம்?

பதில்: எதிரி மைதானத்தின் நடுவில் உங்கள் கொடியை ஊன்றினால் கோபம் வராதா? கைகலப்பு மூண்டு, காவலர்கள் மிளகுத் தூள் தெளிக்கும் அளவுக்குப் போனது. இரு பல்கலைக்கழகங்களுக்கும் தலா 1 லட்சம் டாலர் அபராதம். இரு பக்கமும் வெட்கப்பட வேண்டிய மாலை அது.

கேள்வி: இரண்டு தோல்வி, எப்படி சாம்பியன்?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இறுதி ஆட்டத்துக்கு மட்டும் பந்தயம் கட்டலாமா?

பதில்: கூடாது. 31-7 என முன்னிலையில் இருந்தவர்கள் 31-23 வரை நெருங்க விட்டார்கள். மூன்றாம் முயற்சி, 11 கஜம் வேண்டும் என்ற நிலையில் முதலாண்டு மாணவர் ஜெரெமையா ஸ்மித் 56 கஜப் பந்தைப் பிடித்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு ஆட்டத்தைப் பாருங்கள்.

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் உயர்நிலைப் பள்ளியில் ஆடுகிறான். எந்தக் கல்லூரிக்கு முயலலாம்?

பதில்: அது என் துறை அல்ல, அம்மா. அவன் பயிற்சியாளரைக் கேளுங்கள். தலையில் அடிபட்டதுண்டா என்பதை மட்டும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: வீரர்களுக்குச் சம்பளம் உண்டா?

பதில்: 2021 ஜூலை 1 முதல் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குத் தந்து சம்பாதிக்கலாம். 2025 முதல் பல்கலைக்கழகங்களே நேரடியாகவும் தரலாம்.

கேள்வி: பதிவு செய்த ஆட்டங்களில் எதை முதலில் பார்ப்பது?

பதில்: மிச்சிகன் ஆட்டத்தை முழுதாக. அதன்பின் பிளே ஆஃப் காலிறுதியான ரோஸ் பௌலில், தங்களை அக்டோபரில் வென்ற அதே ஓரிகனுக்கு எதிராக, பாதி ஆட்டத்துக்குள் 34-0 எனப் போன பகுதியைப் பாருங்கள். மிச்சிகனிடம் மூன்று புள்ளியில் தோற்ற அன்று தலைகுனிந்து வெளியேறிய அதே பையன்கள்தான் அவர்கள்.