மிதித்ததும் திணறும் செவெல்: கார்புரேட்டரை மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என்னிடம் 1969 செவர்லே செவெல் மாலிபு இருக்கிறது. 350 கன அங்குல வி8, டர்போ 350 ஆட்டோமேட்டிக் கியர், டூயல் பிளேன் மேனிஃபோல்டு. முன்பு வைத்திருந்தவர் குவாட்ராஜெட் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு ஹாலி 600 கார்புரேட்டர் (மாடல் எண் 1850) போட்டிருக்கிறார். ஐட்லிங் நன்றாக நிற்கிறது. ஆனால் சிக்னலில் சட்டென்று மிதித்தால் வண்டி ஒரு நொடி செத்துப் பிழைக்கிறது. சில நேரம் கார்புரேட்டர் வழியாகவே ‘டப்’ என்று வெடிக்கிறது. 750 டபுள் பம்பர் (இரண்டு ஆக்சிலரேட்டர் பம்ப் உள்ள கார்புரேட்டர்) போட்டால் சரியாகிவிடும் என்கிறார் நண்பர். மாற்றலாமா?

பதில்: மாற்ற வேண்டாம். காசும் போகும், திணறலும் கூடும்.

முதலில் கணக்கைப் பாருங்கள். 350-ஐ 6000 ஆர்பிஎம்மால் பெருக்கி 3456-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு சுமார் 608 கன அடி காற்று. சாதாரணத் தெரு எஞ்சின் அதில் 85 சதவீதம் இழுத்தாலே பெரிது, அதாவது 516. கார்புரேட்டரின் 600, 750 என்ற எண்களும் இதே கன அடிக் கணக்குதான். உங்கள் 600-ஏ மிச்சம் வைக்கிறது. 750-இல் துளை பெரிது. குறைந்த வேகத்தில் அதன் வழியே காற்று மெதுவாகப் போகும், பெட்ரோலை இழுக்கும் உறிஞ்சல் பலவீனமாகும். போதாததற்கு டபுள் பம்பரில் பின் இரண்டு துளைகளும் காலோடு சேர்ந்தே திறக்கும். கனமான வண்டி, ஆட்டோமேட்டிக் கியர் என்றால் பின் துளைகளை எஞ்சினின் தேவையைப் பார்த்துத் திறக்கும் வாக்குவம் செகண்டரிதான் பொருத்தம். உங்களிடம் இருப்பது அதுதான்.

கார்புரேட்டர் வழியாக வெடிப்பது ஒரு தெளிவான தடயம்: அந்த நொடியில் பெட்ரோல் போதவில்லை. அதிகமானால் வெடிக்காது, சைலன்சரில் கறுப்புப் புகை தள்ளும். பட்டர்ஃபிளை (துளையைத் திறந்து மூடும் தட்டு) திறந்ததும் காற்று உடனே பாய்ந்துவிடும். பெட்ரோல் கனமானது, பின்தங்கும். அந்த இடைவெளியை நிரப்பத்தான் ஆக்சிலரேட்டர் பம்ப் இருக்கிறது.

ஆகவே சோதனையை அங்கே தொடங்குங்கள். எஞ்சினை நிறுத்தி, நன்றாக ஆறவிட்டு, ஏர் ஃபில்டரைக் கழற்றி, த்ராட்டில் லிவரைக் கையால் மயிரிழை அசையுங்கள். அசைந்த கணமே முன் இரண்டு துளைகளிலும் பெட்ரோல் கம்பி போல நேராகப் பீச்ச வேண்டும். கொஞ்சம் நகர்ந்த பிறகு பீச்சினால் பம்ப் கையில் (பம்ப்பை அழுத்தும் லிவர்) ஆட்டம் இருக்கிறது. ஸ்ப்ரிங் வைத்த போல்ட்டையும் நட்டையும் திருகி அந்த ஆட்டத்தை எடுங்கள். பிறகு த்ராட்டிலை முழுதாகத் திறந்து பிடித்து, பம்ப் கையைக் கீழே அழுத்தினால் இன்னும் 0.015 அங்குலம் போக இடம் இருக்க வேண்டும், ஃபீலர் கேஜ் வைத்துப் பாருங்கள். இடமே இல்லையென்றால் பம்ப்பின் டயஃப்ரம் (ரப்பர் சவ்வு) நசுங்கிக் கிழியும். பீச்சலே வரவில்லை அல்லது சொட்டுகிறது என்றால் டயஃப்ரமை மாற்றுங்கள். அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் இப்போது கிடைக்கும் பெட்ரோலில் பெரும்பாலும் 10 சதவீதம் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் அதில் விறைத்துப்போகும். எத்தனால் தாங்கும் டயஃப்ரம் என்று கேட்டு வாங்குங்கள்.

பம்ப் சரியாக இருந்தும் திணறினால், பலரும் பார்க்காமல் விடும் இடம் ஒன்று உண்டு: டிரான்ஸ்ஃபர் ஸ்லாட். பட்டர்ஃபிளைக்குப் பக்கத்தில், துளைச் சுவரில் இருக்கும் மெல்லிய பிளவு அது. ஐட்லிங்கிலிருந்து மெயின் ஜெட் வேலை தொடங்கும்வரை பெட்ரோல் கொடுப்பது அதுதான். ஐட்லிங் நிற்கவில்லை என்று யாராவது ஸ்பீட் ஸ்க்ரூவை உள்ளே உள்ளே திருகியிருந்தால், பட்டர்ஃபிளை ஏற்கெனவே பிளவைத் தாண்டி நிற்கும். மிதிக்கும்போது புதிதாகத் தர அதனிடம் ஒன்றும் இருக்காது. கார்புரேட்டரைக் கழற்றிக் கவிழ்த்துப் பாருங்கள். பட்டர்ஃபிளைக்குக் கீழே தெரியும் பிளவு ஒரு சின்னச் சதுரமாக, 0.020 அங்குலம், அதாவது அரை மில்லிமீட்டர் அளவில் இருக்க வேண்டும். நீளமான கோடாகத் தெரிந்தால் ஸ்க்ரூவை வெளியே எடுங்கள். அதனால் ஐட்லிங் இறங்கினால், பின் பட்டர்ஃபிளைகளின் ஸ்டாப் ஸ்க்ரூவை அடியிலிருந்து கொஞ்சமாக ஏற்றி ஈடுகட்டலாம்.

யாரோ ஏன் அந்த ஸ்க்ரூவைத் திருகினார்கள் என்பதையும் யோசியுங்கள். அநேகமாக டைமிங் (ஸ்பார்க் அடிக்கும் நேரம்) பின்தங்கியிருக்கும், அல்லது எங்கோ காற்று கசியும். கார்புரேட்டர் கோளாறு என்று வருவதில் கணிசமானவை உண்மையில் டைமிங் கோளாறுதான். டிஸ்ட்ரிபியூட்டரின் வாக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, ஐட்லிங்கில் 10 முதல் 12 டிகிரி, ஆர்பிஎம் ஏறியபின் மொத்தம் 34 முதல் 36 டிகிரி வையுங்கள். பயன்படாத வாக்குவம் முனைகளில் மாட்டிய ரப்பர் மூடிகள் வெடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள்.

அடிக்கடி வெடித்திருப்பதால் பவர் வால்வையும் (சுமை கூடும்போது கூடுதல் பெட்ரோல் விடும் வால்வு) சந்தேகப்பட வேண்டும். பழைய ஹாலிகளில் அதைக் காக்கும் செக் பால் கிடையாது. ஒரு பேக்ஃபயரிலேயே டயஃப்ரம் கிழியலாம். ஐட்லிங்கில் இரண்டு மிக்சர் ஸ்க்ரூக்களையும் (ஐட்லிங் கலவையைச் சரிசெய்பவை) மெதுவாக முழுதாக மூடுங்கள். எஞ்சின் நின்றுவிட வேண்டும். ஓடிக்கொண்டே இருந்தால் பெட்ரோல் வேறு வழியாக வருகிறது: ஒன்று பவர் வால்வு கிழிந்திருக்கும், இல்லையென்றால் மேலே சொன்ன பட்டர்ஃபிளை இன்னும் அதிகம் திறந்திருக்கும். புதிய வால்வு வாங்கும்போது பிரேக்கை அழுத்தி ‘டி’யில் போட்டு வாக்குவத்தை அளந்து, அதில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். 13 அங்குலம் காட்டினால் பாதி 6.5, அதாவது 65 எண் வால்வு. பிறகு மிக்சர் ஸ்க்ரூக்களை ஒன்றரைச் சுற்று வெளியே வைத்து, அங்கிருந்து வாக்குவம் உச்சத்துக்கு வரும்வரை சரிசெய்யுங்கள்.

பெட்ரோல் அழுத்தம் 5 முதல் 7 பிஎஸ்ஐக்குள் இருக்கட்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் லேசான திணறல் மிச்சம் இருந்தால் மட்டும் பீச்சு முனையை மாற்றுங்கள். அதன் எண் துளையின் அளவு, ஆயிரத்தில் ஒரு அங்குலக் கணக்கில். 25 இருந்தால் 28, பிறகு 31 என்று படிப்படியாக, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்து. கிளம்பும்போது கறுப்புப் புகை வந்தால் ஒரு படி இறங்குங்கள்.

திரும்பப் பொருத்தும்போது புது கேஸ்கெட் போட்டு, நான்கு நட்டுகளையும் குறுக்கும் மறுக்குமாக 5 முதல் 7 அடி-பவுண்டுக்கு முடுக்குங்கள். அதற்கு மேல் இறுக்கினால் அடித்தட்டு வளைந்து, பட்டர்ஃபிளை தண்டு சிக்கும். புதிதாக ஒரு காற்றுக் கசிவும் சேர்ந்துகொள்ளும்.